காதுள்ள ஊசி: வடசென்னைப் பாட்டியர் செய்த உடைகள்



திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தடிகளின் சமாதிக் கோயில் இருக்கிறது. கப்பல் வணிகராய்ச் செல்வத்தில் திளைத்த அவரைத் துறவியாக்கியது காதற்ற ஓர் ஊசி என்பது தமிழகமெங்கும் வழங்கும் கதை. வளர்ப்பு மகனாய் வந்த மருதவாணர் விட்டுச் சென்ற பேழையில் அவ்வூசி இருந்தது. காதில்லாத ஊசியில் நூல் கோக்க இயலாது. நூல் கோவாத ஊசி எதனையும் எதனோடும் இணைக்காது. அதனாலேயே அது துறவின் அடையாளமாயிற்று. அதே கடற்கரையை ஒட்டிய தெருக்களிலும் குப்பங்களிலும் காதுள்ள ஊசி ஒன்று வீடுதோறும் இருந்தது. கிழிந்ததைக் கிழியாததோடும், பழையதைப் புதியதோடும், மூத்த தலைமுறையைப் பிறந்த குழந்தையோடும் இணைத்த ஊசி அது. அதனைப் பிடித்திருந்த கை பெரும்பாலும் பாட்டியின் கை. வடசென்னை வழக்கில் சொல்வதாயின் ஆயாவின் கை. இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள பகுதியில் வளர்ந்தோரின் இளமை நினைவுகளில், பாட்டியும் அத்தையும் சின்னம்மாவும் கையால் செய்து அணிவித்த உடைகளுக்கு உள்ள இடத்தை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதற்கண் இவ்வூரின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்தல் வேண்டும். சென்னை துணிக்காகப் பிறந்த நகரம். 1639இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இம்மணற்பரப்பைத் தேர்ந்தமைக்குக் காரணங்களுள் தலையாயது, இதன் சுற்றுப்புறத்தில் நல்ல பருத்தித் துணி மலிவாகக் கிடைத்தமையே. கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டையாயிற்று. 1717 முதல் 1720 வரை ஆளுநராயிருந்த ஜோசப் காலட், நெசவாளரைத் திருவொற்றியூரை அடுத்துக் குடியேற்றினார். காலட்பேட்டை மக்கள் நாவில் காலடிப்பேட்டையாய் மருவி இன்றும் வழங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பெரம்பூர்ப் பக்கம் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் எழுந்தன. 1920இல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டன; மக்கள் வழக்கில் பின்னி ஆலை எனப் பெயர் பெற்றன. அவ்வாலைத் தொழிலாளரை முன்னிட்டே 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது, திரு.வி.க. அதன் தூண்களுள் ஒருவராய் விளங்கினார். 1996இல் ஆலை மூடப்பட்டது.

நெசவாளர், வெளுப்போர், ஆலைத் தொழிலாளர், வணிகர் ஆகிய நால்வர் வரலாறும் ஏதோ ஒரு வகையில் ஏட்டில் ஏறியுள்ளது. கப்பல் கணக்கில் துணியின் கெஜம் இருக்கிறது. ஆலைக் கணக்கில் கூலி இருக்கிறது. அத்துணி வீட்டுக்குள் நுழைந்தபின் என்னவாயிற்று என்பதற்கு மட்டும் கணக்கில்லை. யார் அதனை வெட்டினார், யார் தைத்தார், எத்தனை குழந்தைகள் அதனை மாறி மாறி உடுத்தனர் என்னும் செய்தி நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளது. வெளிச்சென்ற துணிக்கு ஆவணம் உண்டு. வீட்டில் தங்கிய துணிக்கு ஆவணம் இல்லை.

அந்நினைவு குழந்தை பிறந்த நாளிலிருந்தே தொடங்குகிறது. பிறந்த குழந்தைக்குப் புத்தாடை அணிவிப்பதில்லை என்பது தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் நிலவிய வழக்கம். துவைத்துத் துவைத்து மென்மையான பழம்புடவையே அதன் முதல் உடை. இராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்குச் செல்லும் மகளோடு துணைக்குச் செல்லும் தாயின் பையில், கிழித்து மடித்த பழம்புடவைத் துண்டுகள் கட்டாயம் இருக்கும். இதில் நம்பிக்கை மட்டுமன்றி அறிவும் கலந்திருந்தது. புதிய ஆலைத்துணியில் கஞ்சி ஏறியிருக்கும்; இழை முறுக்கு விடாது விறைத்திருக்கும். நூறு முறை அலசப்பட்ட பருத்தியோ கஞ்சி முழுதும் நீங்கி, நார் தளர்ந்து, ஈரத்தை உடனே உறிஞ்சும் இயல்பு பெற்றுவிடும். பாட்டியின் புடவை தூளியாகித் தொங்கும். எஞ்சிய பகுதி நான்கு விரற்கடை அளவு நாடாவோடு கூடிய முன்முடிச்சுச் சட்டையாகும். அச்சட்டைக்குப் பொத்தான் வைப்பதில்லை, குழந்தையின் மேனியில் அழுந்தும் என்பதனால். மடிப்பும் ஓரமும் வெளிப்புறம் இருக்குமாறு தைப்பதும் அதனாற்றான். குழந்தையின் தோலை அறிந்த கையே இவ்வாறு தைக்க இயலும்.

குழந்தை வளர்ந்தபின் உடையும் அதனோடு வளர்ந்தாக வேண்டும். பாவாடையின் அடிப்பகுதியில் இரண்டு மூன்று மடிப்புகளை உள்ளே வைத்துத் தைப்பர். வடசென்னைப் பேச்சில் அதற்கு 'டக்' என்று பெயர். ஆண்டுதோறும் ஒரு டக் பிரிக்கப்படும். பிரித்த இடத்தில் வெயில் படாத துணி தன் பழைய நிறத்தோடு கோடாய்த் தெரியும். வளர்ச்சியைச் சுவரில் கரிக்கோடிட்டு அளப்பதுபோல், அப்பாவாடை ஒவ்வொரு சிறுமியின் உயரத்தையும் தன் மேல் எழுதி வைத்திருந்தது. தீபாவளிக்கு ஒரே தானில் துணியெடுத்து அண்ணனுக்குச் சட்டை, தங்கைக்குப் பாவாடை, கைக்குழந்தைக்குக் கவுன் எனப் பிரித்துத் தைப்பதும், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலைக் கடைகளில் வாங்கிய கட்பீஸ் துணியை விரயமின்றி வெட்டுவதும் கணக்கறிவு தேவைப்படும் செயல்கள். எழுதப் படிக்க அறியாத மூதாட்டியர் பலர் அக்கணக்கைச் சாண், முழம் கொண்டே போட்டனர்.

இதில் குழந்தைக்கும் பங்குண்டு. கண் மங்கிய பாட்டி தைக்க முடியும். ஊசியில் நூல் கோக்க இயலாது. "கண்ணு, கொஞ்சம் நூல் கோத்துக் குடு" என்னும் அழைப்பைக் கேளாது வளர்ந்த பிள்ளைகள் அக்காலத்தில் குறைவு. நூல்முனையை எச்சிலால் கூர்செய்து, ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கோத்த பின் பெருமையோடு நீட்டுவது குழந்தையின் கடமை. பாட்டி ஊசியைத் தன் எண்ணெய்த் தலையில் ஒருமுறை உரசிக்கொள்வாள், துணியில் வழுக்கிச் செல்லட்டும் என்று. விளக்கு வைத்தபின் ஊசியை எவர்க்கும் இரவல் தரலாகாது, உடுத்திய உடையின் மேலேயே தைக்கலாகாது என்னும் விதிகளும் அப்போதே செவியில் விழும். ஓட்டுத்தையலும் பின்தையலும் சங்கிலித்தையலும் குழந்தை கேட்டுக் கற்றவை அல்ல, பார்த்துக் கற்றவை. பெயர் அறியுமுன்னரே கை அறிந்துவிடும் கல்வி அது.

வெப்பம் மிகுந்த கடற்கரையில் கம்பளி நூல் பின்னலுக்கு என்ன வேலை என்று வினவலாம். பனிநாடுகளில் பாட்டியின் அன்புக்கு அடையாளமாய் நிற்பது கம்பளிச் சட்டை; வடசென்னையில் அவ்விடத்தைக் கம்பளிக் குல்லாயும் காலுறையும் பெற்றன. பிறந்த குழந்தை உடற்சூட்டைத் தலைவழியே மிகுதியாக இழக்கும். எடை குறைந்த குழந்தைக்கு இது உயிர்க்கேடாகவும் முடியும். மார்கழிப் பனியில் கடற்காற்று வீசும் குடிசைகளில் ஒரு சிறு குல்லாயின் மதிப்பு பெரிது. கம்பளி நூல் உருண்டையும் இரண்டு ஊசிகளும் கொக்கி முனையுடைய குரோஷா ஊசியும் பெண்பள்ளிகளின் தையல் வகுப்பு வழியாகவும் வீட்டினுள் வந்தன. பெண்கல்வியோடு ஊசிவேலையைச் சேர்த்துக் கற்பிப்பது கிறித்தவச் சமயத் தொண்டர்கள் தமிழகத்தில் ஊன்றிய வழக்கம். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் 1820களிலேயே லேஸ் பின்னலைப் பெண்களுக்குக் கற்பித்து அதனை வாழ்வாதாரமாக்கியது இதன் தொடக்கக்கால வரலாறு. 1962, 1965 ஆம் ஆண்டுப் போர்களின்போது எல்லையிலிருந்த படைவீரர்களுக்காக நாடெங்கும் பெண்கள் கம்பளிச் சட்டை பின்னியனுப்பினர்.

நெசவுக்கும் பின்னலுக்கும் உள்ள வேறுபாட்டை இங்குச் சுட்டுதல் தகும். நெசவில் பாவும் ஊடையும் என இருவகை இழைகள் ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்கும். பின்னலிலோ ஒரே நூல் வளையத்துள் வளையமாய்ச் செல்லும். நெய்த துணியை ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான். பின்னிய சட்டையை முனை பிடித்து இழுத்தால் முழுதும் மீண்டும் நூலாகிவிடும். மூத்தவனுக்குச் சிறிதாகிவிட்ட கம்பளிச் சட்டையைப் பிரித்து, சுருண்ட நூலை நனைத்து நேராக்கி, புதுநூல் சிறிது கூட்டி இளையவளுக்குப் பின்னுவதற்கு இவ்வியல்பே துணை நின்றது. மீனவர் வலையோ இவ்விரண்டினும் வேறானது. அதன் ஒவ்வொரு கண்ணியும் முடிச்சிட்டு நிற்பதால் ஓரிடத்தில் அறுந்தாலும் அடுத்த கண்ணி அவிழாது. காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் நைலான் வலை பரவும் முன்பு பருத்தி நூல் வலைகளே புழங்கின. வீட்டு முதியோர் கண்ணி அளக்கும் மூங்கில் சில்லைக் கையில் கொண்டு வலை பின்னுவதும் உண்டு. உடை தைத்த கையும் வலை முடிந்த கையும் ஒரே திண்ணையில் அமர்ந்திருந்த ஊர் இது.

இராயபுரத்துக்கே உரிய மற்றொரு கைவினையையும் இங்குச் சேர்த்தெண்ண வேண்டும். அங்குள்ள பார்சி சமயத்தாரின் தீக்கோயில் 1910இல் அமைந்தது. பதின்மூன்று வயதில் இறந்த மகன் ஜாலின் நினைவாக, பிரோஜ் கிளப்வாலா என்னும் தந்தையார் அதற்குக் கொடையளித்தார். பார்சிக் குழந்தைகள் நவ்ஜோத் சடங்கின்போது வெண்பருத்திச் சட்டையாகிய சுத்ராவை அணிந்து, கம்பளி நூலாலான குஸ்தி என்னும் கயிற்றை இடையில் மும்முறை சுற்றிக் கட்டிக்கொள்வர். ஆட்டு மயிரிலிருந்து நூற்ற 72 இழைகளால் ஆவது அது. அவர்தம் யஸ்னா மறையின் 72 இயல்களை அவ்விழைகள் குறிக்கும். அதனைச் சிறு தறியில் கையால் நெய்தவர்கள் மரபாகப் பூசகர் குடும்பத்துப் பெண்கள். ஒரு சமயத்தின் மறை முழுவதையும் குழந்தையின் இடையில் கட்டிவிட்ட கைகள் அவை. அப்பெண்களின் கைவேலை இல்லாமல் அச்சடங்கு நடைபெற இயலாது.

கடல்கடந்து சென்ற சென்னைத் துணிக்கும் இத்தகைய கை ஒன்று காத்திருந்தது. 'மெட்ராஸ் கைக்குட்டை' என வணிகர் அழைத்த கட்டம்போட்ட துணி மேற்கு ஆப்பிரிக்காவில் பெருமதிப்புப் பெற்றது. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலாபாரி இனப் பெண்கள் அத்துணியை வாங்கியவாறே உடுத்துவதில்லை. கத்தி முனையால் சில இழைகளை வெட்டி உருவியெடுத்து, கட்டங்களுக்கிடையே புதுக்கோலம் தோன்றச் செய்வர். 'பெலெட்டே பிட்டே' என்பது அதன் பெயர். ஜோயன் ஐக்கர், டோன்யே எரெகோசிமா ஆகிய அறிஞர்கள் அதனை ஆராய்ந்து எழுதியுள்ளனர். அயலூர்த் துணி இவ்வாறே தங்கள் குலத்துணியாகிறது என்பது அவர்கள் காட்டும் உண்மை. கலாபாரிப் பெண் இழையைக் குறைத்துத் தனதாக்கினாள். வடசென்னைப் பாட்டி ஒட்டும் மடிப்பும் கூட்டித் தனதாக்கினாள். இருவருமே சந்தைத் துணியை உறவுத் துணியாக்கியவர்கள். ஆயின் முன்னவளின் வேலை நூலாராய்ச்சிக்குரிய பொருளாயிற்று. பின்னவளின் வேலை வீட்டு வேலை என்னும் பெயரோடு நின்றுவிட்டது.

இந்நிலைக்குத் தமிழ் இலக்கியமும் ஓரளவு பொறுப்பேற்க வேண்டும். நூல் என்னும் சொல்லே இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிப்பது, பனுவலும் அத்தகையதே. நன்னூற் பாயிரம் நூல் இயற்றுதலை நூல் நூற்றலோடு ஒப்பிடுகிறது. அங்குச் சொல்லே பஞ்சு, புலவனே நூற்கும் பெண், வாயே அவள் கை, அறிவே கதிர். புறநானூற்றிலோ இரவில் எழுந்து சிறு விளக்கின் ஒளியில் பருத்தியின் தூசு துடைக்கும் பருத்திப் பெண்டு காட்சியளிக்கிறாள். உவமையாய் அவள் வந்தாள், பின்னணியாய் வந்தாள். அவ்விளக்கொளியில் அவள் நூற்ற இழை யார் மேனியை மூடிற்று என்று கேட்டார் இல்லை. புலவனைப் பெண்ணாக்கிக் கண்ட மரபு, அப்பெண்ணைப் புலவராய்க் காண மறந்தது.

வேறு மாநிலம் ஒன்றின் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். வங்காளத்தில் பழம்புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே இழை உருவி, பாட்டிமார் தைத்த விரிப்புக்குக் 'காந்தா' என்று பெயர். குருசதய தத்தர் ஊரூராய்ச் சென்று அவற்றைத் திரட்டினார். அவர் பெயரால் கொல்கத்தாவை அடுத்து ஓர் அருங்காட்சியகமே அமைந்தது. ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் 1939இல் காந்தாவைப் பற்றி ஆய்வுரை எழுதினார். அதே சொல்தான் தமிழில் கந்தை என வழங்குகிறது. வங்கத்தில் அது கலையின் பெயர். தமிழில் அது வறுமையின் பெயர். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்னும் பழமொழி தூய்மையைப் போற்றுகிறதே அன்றிக் கந்தையைப் போற்றவில்லை. தமிழ்நாட்டிலும் பழம்புடவைகளை அடுக்கித் தைத்த விரிப்புகள் வீடுதோறும் இருந்தன. திரட்டுவார் இன்மையால் அவை கைப்பிடித் துணியாகி, தரைதுடைக்கும் துணியாகி, விளக்குத் திரியாகி மறைந்தன.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். பாட்டி தைத்த உடையை இனிமையாக மட்டும் நினைப்பது உண்மைக்குப் புறம்பாகும். ஆசையால் தைத்தவை சில. இல்லாமையால் தைத்தவை பல. 1943ஆம் ஆண்டின் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணைக்குப் பிறகு துணி அரிதாகிப்போன காலத்தை அறிந்த தலைமுறை அது. ஒரு முழத் துணியையும் வீசியெறிய அவர்கள் மனம் துணியவில்லை. ஆலையில் வேலைநிறுத்தம் நடந்த மாதங்களில், கடலுக்குப் போக முடியாத புயற்காலங்களில், ஒட்டுப்போட்ட சட்டைக்கு மாற்றில்லை. அச்சட்டையோடு பள்ளி சென்று தோழியர் நகைப்புக்கு ஆளான குழந்தைகளும் உண்டு. தைத்துக் கொடுத்த பாட்டியிடமே அதனை உடுக்க மாட்டேன் என்று அழுத குழந்தைகளும் உண்டு. எண்ணூரில் அனல்மின் நிலையம் இயங்கிய 1970 முதல் 2017 வரையிலான காலத்தில், சுற்றுப்புறத்தார் கொடியில் காய்ந்த துணியைச் சாம்பல் போக உதறிய பின்னரே குழந்தைக்கு அணிவிக்க வேண்டியிருந்தது. கண்ணொளி மங்கிய வயதில் விடியுமுன் எழுந்து தைத்தவளின் களைப்பும் அவ்வுடையில் மடிந்துள்ளது.

ஆகவே, கடைகளில் ஆயத்த ஆடை மலிந்ததையும், 1985இல் தொடங்கிய விலையில்லாச் சீருடைத் திட்டம் ஏழைக் குழந்தைக்கும் செல்வக் குழந்தைக்கும் ஒரே நிறச் சட்டை தந்ததையும் குறைகூறுதல் முறையன்று. ஒட்டுச் சட்டையின் நாணத்திலிருந்து பல்லாயிரம் குழந்தைகளை அது விடுவித்தது. பாட்டியின் தோளிலிருந்தும் ஒரு சுமை இறங்கியது. மீண்டும் எல்லாரும் கையால் தைக்க வேண்டும் என்பது இங்குக் கோரிக்கையன்று. அவ்வுழைப்பை உழைப்பென்றும் அவ்வறிவை அறிவென்றும் ஒப்புக்கொண்டு எழுதி வைக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

இதற்குக் காலம் குறுகியது. அரசர் அணிந்த பட்டு அருங்காட்சியகத்தில் இருக்கும். பாட்டி தைத்த சட்டை இராது, ஏனெனில் அது தேயும் வரை உடுக்கப்பட்டது. முற்றும் பயன்பட்ட பொருள் தடயம் விட்டுச் செல்வதில்லை. அத்தகைய பொருளுக்கு எஞ்சும் ஒரே சான்று, உடுத்தவர் நினைவும் தைத்தவர் சொல்லும்தாம். கல்வெட்டையும் ஓலையையும் சான்றாக ஏற்கும் ஆய்வுலகம், எழுபது வயதுப் பெண்ணின் விரல் நினைவையும் சான்றாக ஏற்றல் வேண்டும். வாய்மொழி வழக்காற்றைத் தாலாட்டு, ஒப்பாரி எனப் பாட்டு வடிவில் திரட்டிய தமிழாய்வு, தாலாட்டுக்குரிய தூளியின் துணி யாருடையது என்று இனிக் கேட்கலாம்.

பத்தாண்டு நிறைவு காணும் இம்மன்றத்தார் தத்தம் வீட்டிலும் தெருவிலும் உள்ள மூத்த பெண்டிரிடம் சில வினாக்களைக் கேட்டு விடைகளைக் குறித்து வைத்தல் பெரும்பணியாகும். முதற்பிள்ளைக்கு எந்தப் புடவையைக் கிழித்தீர்கள்? அப்புடவை யார் எடுத்துக் கொடுத்தது? ஊசி பிடிக்கக் கற்பித்தவர் யார்? எந்தத் தையலுக்கு என்ன பெயர் சொன்னார்கள்? எத்தனை பிள்ளைகள் அச்சட்டையை உடுத்தார்கள்? கடைசியில் அது என்னவாயிற்று? இவ்வினாக்களுக்கு விடை சொல்பவர்கள் தங்களை வரலாற்றுக்குரியோராய் ஒருநாளும் எண்ணியிருக்க மாட்டார்கள். "இதெல்லாம் ஒரு சேதியா?" என்றே முதலில் சொல்வார்கள். சேதிதான் என்று சொல்லி, அருகமர்ந்து எழுதிக்கொள்ளும் கடமை இலக்கிய மன்றங்களுக்கு உண்டு. துணியால் தோன்றிய நகரத்தின் வரலாறு, அத்துணியைக் குழந்தையின் மேனிக்கு ஏற்றதாக்கிய பெண்களின் பெயர்களும் அதில் இடம்பெறும்போதுதான் முழுமையடையும்.